நுரைக்காரி

சுரங்கத்தில் அவளுக்கு நுரைக்காரி என்று பெயர். முதலில் கேலியாக வைத்தார்கள். பிறகு அதே பெயரைத் தொழிலாளிகள் எழுந்து நின்று சொல்லும் காலமும் வந்தது. கடைசியில் அந்தப் பெயரைச் சொன்னாலே காறித் துப்பியவர்களும் உண்டு.

அவள் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தச் செம்புச் சுரங்கத்தில் பெண்கள் என்றால் இரண்டு வகைதான். தரை பெருக்குகிறவர்கள் ஒரு வகை. செத்துப்போன கணவனின் ஓய்வூதியத்துக்காக கம்பெனி ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்பவர்கள் இன்னொரு வகை. அவளுடைய அம்மா இரண்டாவது வகை. அப்பா உருக்காலையில் உலைக்காரராக இருந்து, கந்தகப் புகையைக் குடித்துக் குடித்தே நெஞ்சு அடைத்துப் போனவர். அம்மாவும் போன பிறகு, ரொம்பச் சின்னவனான தம்பியை அவள்தான் வளர்த்து ஆளாக்கினாள். உலோகவியல் படித்துவிட்டு வந்து மேனேஜர் முன்னால் நின்றபோது அவர் கேட்டது ஒரே கேள்வி.

"உங்க அப்பாவைக் கொன்ன இடம்மா இது. இங்கதான் வேலை வேணுமா?"

"எனக்குத் தெரிஞ்ச இடம் இதுதான் சார்."

அவர் அவளைச் சேர்த்துக்கொண்டார். மற்ற எல்லாரும் தடுத்தும் சேர்த்துக்கொண்டார். அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகிவிடும்.

அப்போது சுரங்கம் சாகக் கிடந்தது. கையால் பொறுக்கி உலையில் போடக்கூடிய நல்ல தாது எல்லாம் அப்பா காலத்தோடு தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது சாம்பல் நிறக் கல். அதில் செம்பு இருந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடித் துணுக்குகளாக. அதைப் பிரித்தெடுக்க வழியில்லாமல் மலை மலையாகக் கொட்டி வைத்திருந்தார்கள்.

ஒருநாள் அரவை ஆலைக்குள் மாதிரி எடுக்கப் போனவள், இயந்திரத்துக்கு அடியில் தேங்கிக் கிடந்த குட்டையருகே குந்தி உட்கார்ந்துவிட்டாள். மேலே எங்கேயோ மசகெண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. பழுதான பம்பு ஒன்று காற்றை இழுத்துக் குட்டைக்குள் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. குட்டை முழுக்க அழுக்கு நுரை. அந்த நுரை மினுமினுத்தது. அவள் இரண்டு விரலால் அதை வழித்து உள்ளங்கையில் தேய்த்தாள். கல் மாவு அடியில் தங்கிவிட்டிருந்தது. செம்புத் துணுக்குகள் மட்டும் எண்ணெயைப் பூசிக்கொண்டு குமிழோடு மேலே வந்திருந்தன.

ஃபோர்மன் அவளைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, குட்டையில மீன் பிடிக்கிறீங்களா?" என்றார்.

"மீன் இல்ல. செம்பு."

அவர் சிரித்த சிரிப்பு அன்று சாயங்காலத்துக்குள் சுரங்கம் முழுக்கப் பரவிவிட்டது. சோப்பு நுரையில் செம்பு எடுக்கப் போகிறாளாம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பெயரும் அன்றைக்கே விழுந்தது.

எந்த எண்ணெய், எவ்வளவு எண்ணெய், எத்தனை வேகத்தில் காற்று என்று அவள் வருடக் கணக்கில் தொட்டிகளோடு மல்லுக்கட்டினாள். தலைமுடி, துணி, சாப்பாட்டுப் பாத்திரம் எல்லாம் மரத் தைல நாற்றம். ஒரு கல்யாணப் பேச்சு வந்தது. வந்தவர் பேச்சின் நடுவே இரண்டு தடவை கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனார். தம்பி அதை நடித்துக் காட்டி வயிறு வலிக்கச் சிரித்தான். அவளும் சிரித்தாள். வருத்தப்பட அவளுக்கு நேரமில்லை.

நுரைத் தொட்டிகள் ஓட ஆரம்பித்த வருடமே, குப்பை என்று கொட்டிய கல்லெல்லாம் திரும்ப ஆலைக்குள் போனது. மூடப்போகிறார்கள் என்று மூட்டை கட்டிய குடும்பங்கள் மூட்டையை அவிழ்த்தன. கீழே பள்ளத்தாக்கில் புதுக் காலனி கட்டினார்கள். குழாய்த் தண்ணீர், பள்ளிக்கூடம், அறைக்கு இரண்டு ஜன்னல். தம்பிக்குக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆனது. காலனியில் நல்ல வீடாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக் கொடுத்தது அவள்தான். தம்பி மகள் பேசப் பழகியதும் அவளை "நுரை அத்தை" என்று கூப்பிட்டாள். தம்பி மனைவி பதறிப்போய்க் குழந்தையின் வாயைப் பொத்தினாள்.

"விடும்மா. ஊரே கூப்பிடுது. இவ கூப்பிட்டா என்ன?" என்று அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

அதோடு நின்றிருக்கலாம். அவள் நிற்கவில்லை. அடியில் தங்கிப் போகும் கழிவில் இன்னும் கொஞ்சம் செம்பு கல்லோடு ஒட்டிக்கொண்டு வீணாவது அவள் கண்ணை உறுத்தியது. இன்னும் நைசாக அரைத்தால் அதுவும் பிரிந்துவிடும். மேனேஜர் கேட்கவில்லை, மேலிடம் கேட்கவில்லை. அவளாகவே கேட்டுப் புது அரவை இயந்திரங்களை வரவழைத்தாள். முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி அரைத்தாள். கழிவில் செம்பே இல்லை என்கிற அளவுக்குக் கொண்டுவந்தாள். எங்கெங்கிருந்தோ நிபுணர்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். அந்த நாட்களில் அவள் நடையே மாறியிருந்தது என்று தம்பி பிற்பாடு சொன்னான்.

கழிவெல்லாம் போய்ச் சேர்ந்த இடம் சேற்றுக்குளம். காலனிக்கு மேலே, இரண்டு குன்றுகளுக்கு நடுவே கரை எழுப்பி, ஆலையிலிருந்து வரும் சேற்றைத் தேக்கி வைப்பார்கள். முன்பெல்லாம் அது மணல் மாதிரி படியும், தண்ணீர் தெளிந்து வெளியே வரும். மண் இறுகியதும் அதன் மேலேயே கரையை உயர்த்துவார்கள். தம்பிக்கு அந்தக் கரையில்தான் வேலை. புது அரவை வந்த பிறகு சேறு தண்ணீரை விடவில்லை. உறையாத தயிர் மாதிரி தளதளவென்று நின்றது. கரை மட்டும் உயர்ந்துகொண்டே போனது.

அவள் ஒருநாள் கரைக்குப் போய்ப் பலகை போட்டு நடந்து, நீளக் கம்பி ஒன்றைச் சேற்றில் நட்டுப் பார்த்தாள். கம்பியை அழுத்த வேண்டியிருக்கவில்லை. தன் கனத்திலேயே இறங்கியது. கைப்பிடிவரை போயும் நிற்கவில்லை. அவள் கம்பியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். நேராக மேனேஜரிடம் போனாள்.

"கரை நிக்காது சார்."

"எப்ப உடையும்?"

"அதை யாராலும் சொல்ல முடியாது."

"உடையும்ங்கிறீங்க, எப்பன்னு தெரியாதுங்கிறீங்க. நான் மேல இருக்கிறவங்ககிட்ட என்னன்னு சொல்றது? மழைக்காலம் முடியட்டும். கீழ ரெண்டாவது கரை ஒண்ணு போட்டுத் தரேன். இப்ப நிறுத்தினா மொத்தமா மூடிடுவாங்கம்மா. உங்களுக்குத் தெரியாதா?"

ஆலையை ஓட்டவும் நிறுத்தவும் அவளுக்கு அதிகாரம் இருந்தது. அன்று மத்தியானமே நிறுத்தினாள்.

ஆலைச் சங்கு ஊதாத காலையில் ஊர் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தது. முதல் வாரம் எல்லாரும் பொறுத்தார்கள். அடுத்த வாரம் தினக்கூலிக்காரர்கள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை, சும்மா நின்றார்கள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பிறகு தம்பி வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, தினமும் கரையில நடக்கிறவன் நான். இன்னும் தாங்கும்க்கா."

"தாங்காதுடா. நான் பாத்துட்டேன்."

"அப்ப அவங்க பட்டினி கிடக்கட்டுமா? என் பொண்டாட்டி தண்ணி பிடிக்கப் போனா ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறாங்க. புள்ளைய ஸ்கூல்ல தள்ளி உட்கார வைக்கிறாங்க. எல்லாரும் என்னைத்தான் பாக்குறாங்க. உங்கக்காகிட்ட சொல்லுடான்னு. திறந்துடுக்கா. எனக்காகத் திற."

கடைசியில் அவள் ஒரு நடுவழி சொன்னாள். கொஞ்சம் கொரகொரப்பாக அரைப்பது, பாதி அளவு ஓட்டுவது. மேனேஜருக்குத் திருப்தி, தொழிலாளிகளுக்குத் திருப்தி. மனிதர்களைச் சமாதானப்படுத்தப் போட்ட கணக்கு அது. சேற்றுக்கு அந்தக் கணக்கு போதாது என்று அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

ஒன்று மட்டும் வற்புறுத்தினாள். தம்பி குடும்பம் மேட்டில் இருக்கும் அவள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

"இந்த வருஷப் படிப்பு முடியட்டும் அண்ணி. பாப்பாவுக்குப் பரீட்சை வருது. முடிஞ்சதும் வந்துடறோம்" என்றாள் தம்பி மனைவி.

மழைக்காலம் முடிந்தது. கரை நின்றது. மேனேஜர் சொன்ன இரண்டாவது கரை மட்டும் வரவில்லை. ஊரில் எல்லாரும் அவளை ஒரு மாதிரி பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அவளும் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். நல்ல வெயில் அடித்த ஒரு காலை. காலனியில் கொடி கொடியாகத் துணி காய்ந்தது. தம்பி கரையின் ஒரு கோடியில் நின்றுகொண்டிருந்தான். கரையின் நடுப்பகுதி மெல்ல வயிற்றைத் தள்ளிக்கொண்டு முன்னால் வருவதைப் பார்த்தான். என்னவென்று புரிவதற்குள் அது அப்படியே உட்கார்ந்தது. அவன் கத்தினான். அவன் கத்தியது அவனுக்கே கேட்கவில்லை. சாம்பல் நிறச் சுவர் ஒன்று பள்ளத்தாக்கில் இறங்கிப் போனது. அவன் வீட்டுக் கூரை தெரிந்த இடத்தில் கூரை இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. ஒரு ஆள் டீ குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அவள் ஆலையிலிருந்து ஓடி வந்து குன்றின் விளிம்பில் நின்றபோது கீழே எல்லாம் வழவழவென்று சமமாக இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. பிள்ளைகள் பரீட்சைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம் அது.

காப்பாற்றப் போனவர்கள் இடுப்புவரை புதைந்து, கயிறு கட்டி இழுக்கப்பட்டார்கள். ஓரங்களில் சிலர் கிடைத்தார்கள். நடுவில் ஒருவரும் கிடைக்கவில்லை. கொஞ்ச நாளில் தேடுவதை நிறுத்திவிட்டு, பள்ளத்தாக்கு முழுவதையும் கல்லறை என்று அறிவித்து, பெயர்கள் பொறித்த கல் ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள்.

விசாரணை நடந்தது. கூடம் நிரம்பி வழிந்தது. மேனேஜர் எழுந்து, மழைதான் காரணம், வரலாறு காணாத மழை என்று சொன்னார். அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள்.

"மழை நின்னப்புறம்தான் உடைஞ்சுது. அந்தச் சேறு நான் அரைச்சது. அவ்வளவு நைசா அரைச்சா இறுகாது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஆலையை நிறுத்தினேன். அப்புறம் திறந்ததும் நான்தான்."

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். காலனியில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவள்.

"தெரிஞ்சுமா?"

அவள் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள். "தெரிஞ்சுதாம்மா."

தீர்ப்பு மழை என்றே வந்தது. ஆனாலும் அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். மேனேஜருக்கு மாற்றல் கிடைத்தது. சுரங்கத்தை மூடினார்கள். எந்தெந்தத் தேசத்திலோ இருக்கும் செம்புச் சுரங்கங்களில் எல்லாம் அவளுடைய நுரைத் தொட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

தம்பி அவள் வீட்டில்தான் இருந்தான். அவளோடு பேசவில்லை. போட்டதைச் சாப்பிடுவான், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்குவான். வீடு இருந்த இடம் இதுதான் என்று குத்துமதிப்பாக ஒரு இடத்தில் தோண்டுவான். மேலே காய்ந்த சேறு கல் மாதிரி இருக்கும். உடைத்து உள்ளே போனால் மெத்தென்று இருக்கும், பக்கச் சுவர் சரிந்து குழியை மூடிவிடும். மறுநாள் திரும்பத் தோண்டுவான். அவன் சாயங்காலம் ஏறி வருவதை அவள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். பள்ளத்தாக்கைத் தோண்டிக் கொடுங்கள் என்று கேட்டாள். ஒருவரும் பிடி கொடுக்கவில்லை. ஒரு காண்டிராக்டர் மட்டும் மனதில் இருந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"அந்தச் சேத்துல ஏதாவது இருந்தா சொல்லுங்க. நாளைக்கே மெஷினோட வரேன். ஒண்ணும் இல்லாத மண்ணை எவன் தோண்டுவான்?"

அவள் சேற்றை எடுத்து வந்து சோதித்தாள். ஒன்றும் இல்லை. இருக்கக்கூடாது என்பதற்காகத்தானே அவள் அத்தனை வருடம் உழைத்தாள். கொஞ்சம் மோசமாக வேலை செய்திருந்தால், கொஞ்சம் செம்பைக் கழிவில் விட்டு வைத்திருந்தால், இந்நேரம் எவனாவது பேராசை பிடித்தவன் வந்து பள்ளத்தாக்கைத் தோண்டியிருப்பான். சோதனைக் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டே அவள் அழுதாள். ஊரில் யாரும் அவள் அழுது பார்த்ததில்லை. அன்றும் யாரும் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்றும் இல்லை என்பது முழு உண்மை அல்ல. துளி இருந்தது. அந்தத் துளியை எடுக்க நுரைக்கு வலு போதாது, வேறு வழி வேண்டும். அவள் கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் திரும்ப ஆரம்பித்தாள். சின்னச் சின்னக் குவாரிகளுக்குக் கல் சோதித்துக் கொடுத்துப் பிழைப்பு ஓடியது. மற்ற நேரமெல்லாம் சேறுதான்.

வருடங்கள் போகப் போகச் சேற்றின் மேல் வெயிலும் காற்றும் வேலை செய்தன. மழைக்குப் பிறகு விளிம்புகளில் பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்ததை ஒருநாள் பார்த்தாள். மிச்சமிருந்த செம்பு தானே கரைய ஆரம்பித்திருந்தது. நீர்த்த அமிலத்தை ஊற்றினால் இன்னும் கரையும். ஆனால் அந்த மாவுச் சேற்றுக்குள் அமிலம் இறங்க மறுத்தது, மேலேயே தேங்கி நின்றது. இதில் மட்டும் நான்கைந்து வருடம் போனது. ஒருநாள், துளி அமிலம் தெளித்துச் சேற்றைக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டிப் பார்த்தாள். உருண்டைகளைக் குவித்தால் நடுவே இடைவெளி இருந்தது. மேலே ஊற்றிய அமிலம் இடைவெளி வழியே ஓடி, ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் ஊறி, நீலமாகக் கீழே சொட்டியது.

அதற்குள் கொட்டகை வாசலில் தினமும் ஒரு மூட்டைச் சேறு இருக்க ஆரம்பித்தது. தம்பிதான். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றைப் படுக்க வைத்து அச்சு மாட்டிக் கொடுத்தான். அதைச் சுற்றினால் சேறு தானாக உருண்டையானது. நீலத் தண்ணீரில் அவள் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு வைத்தாள். மறுநாள் ஆணிகள் செக்கச்செவேல் என்று செம்பு போர்த்தியிருந்தன. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் ஒரு ஆணியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கீழே வைத்துவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனான்.

செம்பு விலை ஏறியிருந்த நேரம் அது. ஒரு புதுக் கம்பெனியின் முதலாளி வந்து பார்த்தார்.

"லாபம் ரொம்பக் கம்மி மேடம்."

"கம்மிதான். ஆனா இருக்கு. முறையைச் சும்மாவே தரேன். ஒரே ஒரு நிபந்தனை. காலனி இருந்த இடத்துல மெஷின் இறங்கக்கூடாது. ஆளுங்கதான் தோண்டணும். எலும்பு, துணி, எது தட்டுப்பட்டாலும் வேலை நிக்கணும்."

"அதுக்கே லாபம் கரைஞ்சிடுமே!"

"அப்ப முறை இல்ல. கிளம்புங்க."

அவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

தோண்ட ஆரம்பித்ததும், ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாம் கேள்விப்பட்டு ஒவ்வொருவராகத் திரும்பி வந்து ஓரத்தில் நின்றார்கள். சைக்கிள்கள் கிடைத்தன. இரும்புக் கட்டில்கள் கிடைத்தன. மனிதர்கள் கிடைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் வேலை நின்றது. விசாரணையில் எழுந்து கேட்ட அந்தப் பெண் தன் மூத்த பையனை இடுப்பு வாரின் கொக்கியை வைத்து அடையாளம் சொன்னாள். எடுத்துக்கொண்டு போகும்போது நுரைக்காரியின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். திட்டவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை.

தம்பி வீட்டை எட்டியபோது தெரிந்தது, அவன் அத்தனை வருடமும் தோண்டியது பக்கத்துத் தெருவில். கூரை நொறுங்கி உள்ளே இறங்கியிருந்தது. கதவு மட்டும் சட்டத்தோடு நின்றது. தாழ்ப்பாள் உள்பக்கமாகப் போட்டிருந்தது. சேறு வருவதைப் பார்த்துவிட்டு அவன் மனைவி கதவைச் சாத்தியிருக்கிறாள். கதவுக்குப் பின்னால், முதுகைக் கதவில் கொடுத்து உட்கார்ந்த நிலையில் இருந்தாள். மடியில் குழந்தை.

தம்பி வேறு யாரையும் தொட விடவில்லை. இரண்டு பேரையும் மேட்டில், ஒரே குழியில் வைத்தான். மூடி முடித்து, மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே பேசினான். அவளோடு அவன் பேசி அத்தனை வருடம் ஆகியிருந்தது.

"உன் மேல கோபம்னு நினைச்சியாக்கா?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"திறன்னு வந்து கெஞ்சினது நான். கூடத்துல நீ எந்திரிச்சு எல்லாத்தையும் சொன்ன. என் பேரைச் சொல்லல. நானும் வாயைத் திறக்கல. அதுக்கப்புறம் உன்கிட்ட என்னத்தைப் பேசுறது?"

"திறக்கிறதும் திறக்காததும் என் கையில இருந்துச்சுடா" என்றாள் அவள். "நீ கேட்டே. கேக்கத்தான் கேப்பே. முடியாதுன்னு சொல்ல வேண்டியவ நான்."

அவன் தலையை ஆட்டினான். ஒத்துக்கொண்டானா மறுத்தானா தெரியவில்லை. மறுநாள் காலை அவன் வழக்கம்போல இறங்கிப் போய் அடுத்த வீட்டைத் தோண்டுகிறவர்களோடு சேர்ந்துகொண்டான். அது ஃபோர்மன் வீடு.

கழிவிலிருந்து செம்பு எடுக்கும் உருண்டை முறையைப் பற்றித் தொழில் பத்திரிகைகள் எழுதின. வீணாகும் ஒரு துளி உலோகத்தையும் விட்டுவைக்காத மேதை என்று அவளைப் புகழ்ந்தன. எதற்காக அந்தத் துளியைத் தேடினாள் என்று எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. ஒரு சங்கம் பதக்கம் கொடுக்கக் கூப்பிட்டது. அவள் போகவில்லை. அப்போதே அப்பாவுக்கு இருந்த அதே இருமல் அவளுக்கும் பிடித்திருந்தது. கொட்டகையில் இழுத்த அமில ஆவி. கடைசிவரை நாற்காலி போட்டுக் குன்றின் விளிம்பில் உட்கார்ந்து தோண்டுவதைப் பார்த்தாள். ஒரு கோடை காலத்தில், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த வருடம் செம்பு விலை விழுந்தது. கம்பெனி பீப்பாய்களைக் கழற்றி ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. பள்ளிக்கூடம் இருந்த கீழ்க்கோடியை அவர்கள் தொடவே இல்லை. அங்கே இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். தம்பியும், மூன்று பிள்ளைகளில் இரண்டு பேரை இன்னும் தேடும் அந்தப் பெண்ணும், வேறு சிலரும் மண்வெட்டியோடு தினமும் அங்கே இறங்குகிறார்கள்.